தாவர உணவின் ஆன்டிஆக்ஸிடன்ட்கள் உடலுக்குள் என்ன ஆகின்றன? வாயிலிருந்து சிறுநீரகம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் என்னும் சேர்மம், உண்ட ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே ரத்தத்தில் தன் உச்ச அளவை எட்டிவிடுகிறது. ஆப்பிளில் உள்ள குவெர்செட்டின் அதே நிலையை எட்ட இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. தேயிலையில் காணப்படும் ரூட்டின் என்ற வடிவில் உட்கொண்டாலோ ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகிவிடுகிறது. மூன்றிலும் அடிப்படைச் சேர்மம் ஒன்றுதான். அதனுடன் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கூறு மட்டுமே வேறு. ஓர் உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள்) இருக்கிறது என்று பட்டியலிடும் எண்களைக் கொண்டு, உடலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை ஏன் கணிக்க முடியாது என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும். நாம் உண்ணும் மூலக்கூறும் நம் ரத்தத்தில் ஓடும் மூலக்கூறும் பெரும்பாலும் வெவ்வேறானவை. இடையில் நடப்பவற்றைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன்: மூன்று வகைகள், மூன்று விதமான வரவேற்பு

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற ஒரே பெயரின்கீழ், வேதியியல் அளவில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல பொருள்கள் அடங்கியிருக்கின்றன. முதல் வகை வைட்டமின் சி, வைட்டமின் ஈ போன்றவை. இவை உடலுக்கு இன்றியமையாதவை என்பதால், இவற்றை உள்ளே எடுத்துச் செல்வதற்கும் சேமித்து வைப்பதற்கும் தனிப் புரதங்களே இருக்கின்றன. இரண்டாம் வகை கரோட்டினாய்டுகள். கேரட்டின் ஆரஞ்சு, தக்காளியின் சிவப்பு, கீரைகளின் பசுமைக்குள் மறைந்திருக்கும் மஞ்சள் ஆகிய நிறங்கள் இவற்றால் வருபவை. இவற்றில் சிலவற்றிலிருந்து உடல் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. மற்றவை கொழுப்போடு சேர்ந்து பயணம் செய்கின்றன. மூன்றாம் வகையான பாலிஃபீனால்களில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் அறியப்பட்டிருக்கின்றன. தேநீர், காபி, பெர்ரிப் பழங்கள், சோயா, முழுத்தானியங்கள் என எங்கும் நிறைந்திருக்கும் இவற்றைத்தான் நாம் அளவில் மிக அதிகமாக உண்கிறோம். ஆனால் உடல் இவற்றை அழையா விருந்தாளிகளாகவே நடத்துகிறது. நாம் விழுங்கும் மருந்துகளைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் அதே நொதிகள்தான் பாலிஃபீனால்களையும் எதிர்கொள்கின்றன. இந்த அடிப்படையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் படிகள் எளிதில் விளங்கும். முதலில் பாலிஃபீனால்களின் பாதையைப் பின்தொடர்ந்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் பிறகு வருவோம்.

படி 1: தாவர செல்லிலிருந்து விடுபடுதல்

எந்தச் சேர்மமும் முதலில் தாவர செல்லின் சுவரை விட்டு வெளியே வந்தாக வேண்டும். பச்சைக் கேரட்டில் பீட்டா கரோட்டின் நுண்படிகங்களாக உறைந்து, தடித்த செல்சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. பெரிய துண்டுகளாக மென்று விழுங்கினால் அதில் கணிசமான பகுதி அப்படியே மலத்தோடு போய்விடும். நன்றாக மெல்லுதல், அரைத்தல், வேகவைத்தல் ஆகிய மூன்றும் இந்தச் சுவரை உடைக்கும் வழிகள். தக்காளியைச் சூடாக்கும்போது செல்சுவர் தளர்வதோடு, நேர்கோட்டு வடிவில் இருக்கும் லைகோபீன் என்ற சிவப்பு நிறமி மூலக்கூறுகளில் ஒரு பகுதி வளைந்த வடிவத்துக்கு மாறுகிறது; குடல் வளைந்த வடிவத்தையே எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. மாறாக, வைட்டமின் சி வெப்பத்தில் சிதையும், வேகவைத்த நீரிலும் கரைந்து போகும். ஆகவே "பச்சையாக உண்பதே சிறந்தது" என்பதையோ "சமைத்து உண்பதே சிறந்தது" என்பதையோ எல்லாச் சேர்மங்களுக்கும் பொதுவான விதியாகக் கொள்ள முடியாது.

புரோக்கோலி இந்தப் படியின் முக்கியத்துவத்தை மிகத் தெளிவாகக் காட்டும் காய். அதில் குளுக்கோராபனின் என்ற சேர்மம் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோரிடத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கத்தியோ பல்லோ படும்போது இரண்டும் கலந்து சல்ஃபோராபேன் உருவாகிறது. அரியாமல் அப்படியே கொதிநீரில் போட்டால், இரண்டும் சந்திப்பதற்கு முன்பே வெப்பம் நொதியை அழித்துவிடும். அதன் பிறகு குடல் பாக்டீரியாக்கள் ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்தாலும், கிடைக்கும் அளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அரிந்து சிறிது நேரம் வைத்திருந்து பிறகு சமைப்பதும், சமைத்த பின் சிறிதளவு கடுகுப்பொடி தூவி அதிலுள்ள மைரோசினேஸைப் பயன்படுத்திக்கொள்வதும் வேதியியல் அடிப்படை கொண்ட வழிமுறைகளே.

நொதிகள் எப்போதும் நமக்குச் சாதகமாக வேலை செய்வதில்லை. வெட்டிய வாழைப்பழத்தைக் கறுக்கச் செய்யும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, அருகிலிருக்கும் பிற பாலிஃபீனால்களையும் சிதைக்கவல்லது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், வாழைப்பழம் சேர்த்து அரைத்த பானத்தைக் குடித்தவர்களின் ரத்தத்தில் ஃப்ளவனால்கள் என்ற பாலிஃபீனால் வகையின் உச்ச அளவு, அதே ஃப்ளவனால்களை கேப்சூலாக விழுங்கியபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது. வாழைப்பழத்தில் எந்தக் குறையும் இல்லை. ஃப்ளவனாலுக்காகவே பெர்ரியையோ கோகோவையோ அரைப்பவர் அதனுடன் வாழைப்பழத்தைச் சேர்க்காமல் இருந்தால் போதும்.

தானியங்களின் தவிட்டில் உள்ள ஃபெரூலிக் அமிலம் நார்ச்சத்தோடு எஸ்டர் பிணைப்பால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால், மெல்லுவதாலோ நம்முடைய செரிமான நொதிகளாலோ பெரும்பாலும் விடுபடுவதில்லை. அது பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களால்தான் விடுவிக்கப்படுகிறது.

படி 2: வாயும் இரைப்பையும்

இந்தப் படியில் நடப்பவை குறைவு. கடுந்தேநீரோ காயான பழமோ நாவில் உண்டாக்கும் துவர்ப்புக்குக் காரணம், உமிழ்நீரில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்களை டானின்கள் என்ற பாலிஃபீனால்கள் பற்றிப் பிடித்து வீழ்படியச் செய்வதே. இரைப்பையின் கடும் அமிலத்தில் பெரும்பாலான பாலிஃபீனால்கள் சிதையாமல் தாக்குப்பிடிக்கின்றன. பெர்ரிகளின் நிறமிகளான ஆந்தோசயனின்கள் அமிலச் சூழலில்தான் நிலையாக இருக்கும். பசுந்தேநீரின் கேட்டிச்சின்களும் அப்படியே. அமிலம் குறைந்த சிறுகுடலுக்குள் நுழைந்த பிறகே அவை சிதையத் தொடங்குகின்றன.

படி 3: சிறுகுடலில் சர்க்கரை அறுபடுதல்

தாவரங்கள் பெரும்பாலான ஃப்ளேவனாய்டுகளை (குவெர்செட்டின் உள்ளிட்ட பாலிஃபீனால் பிரிவு) ஏதாவது ஒரு சர்க்கரையோடு பிணைத்தே சேமித்து வைக்கின்றன. சர்க்கரை ஒட்டிய மூலக்கூறு நீரில் கரையும் தன்மை கொண்டது. குடல் செல்லின் கொழுப்புப் படலத்தை அதனால் எளிதில் ஊடுருவ முடியாது. எனவே சர்க்கரை அறுபட்டாக வேண்டும். அறுக்கும் முதல் நொதி, பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்க உதவும் அதே லாக்டேஸ்தான். குடல் செல்லின் வெளிவிளிம்பில் அமர்ந்திருக்கும் இந்த நொதி, குளுக்கோஸ் ஒட்டிய ஃப்ளேவனாய்டு வரும்போது குளுக்கோஸைத் துண்டித்துவிடுகிறது; எஞ்சிய பகுதி செல்லுக்குள் ஊடுருவிச் செல்கிறது. குளுக்கோஸைக் கடத்தும் புரதத்தின் வழியாக முழு மூலக்கூறும் உள்ளே நுழைந்து, செல்லுக்குள் இருக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் நொதியால் அறுபடுவது இரண்டாவது வழியாகக் கருதப்படுகிறது.

தொடக்கத்தில் சொன்ன நேர வேறுபாட்டுக்கு விடை இங்கே இருக்கிறது. வெங்காயத்தில் குவெர்செட்டினுடன் ஒட்டியிருப்பது குளுக்கோஸ். ஆகவே சிறுகுடலின் மேற்பகுதியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. ரூட்டினில் இருப்பதோ ராம்னோஸ் சேர்ந்த இரட்டைச் சர்க்கரை. அதை அறுக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அது பெரும்பாலும் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்காகக் காத்திருக்க வேண்டும். நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெருங்குடல் அகற்றப்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டு 1995-இல் வெளியிட்ட ஆய்வில், வெங்காயத்தின் குவெர்செட்டின் குளுக்கோசைடுகளில் 52 சதவீதமும், ரூட்டினில் 17 சதவீதமும், சர்க்கரையே இல்லாத தூய குவெர்செட்டினில் 24 சதவீதமும் உறிஞ்சப்பட்டதாகக் கணக்கிட்டனர். சர்க்கரை ஒட்டியிருப்பது உறிஞ்சுதலுக்குத் தடை என்று அதுவரை நிலவிய எண்ணத்தை இந்த எண்கள் தலைகீழாக்கின. காபியின் குளோரோஜெனிக் அமிலமும் இதே வகை ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டது; அதன் ஒரு பாதியான காஃபியிக் அமிலத்தைத் தனியாகக் கொடுத்தபோது 95 சதவீதம் வரை உறிஞ்சப்பட்டது.

படி 4: குடல் சுவரிலும் கல்லீரலிலும் உருமாற்றம்

குடல் செல்லுக்குள் நுழைந்த மறுகணமே அடுத்த வேலை தொடங்கிவிடுகிறது. மூன்று நொதிக் குடும்பங்கள் இங்கே செயல்படுகின்றன: ஒன்று குளுக்குரோனிக் அமிலத்தையும், இன்னொன்று சல்ஃபேட்டையும், மூன்றாவது மெத்தில் கூறையும் பாலிஃபீனாலின் ஹைட்ராக்சில் முனைகளில் ஒட்டிவிடுகின்றன. எந்த ஹைட்ராக்சில் முனைகளால் அந்த மூலக்கூறு ஆன்டிஆக்ஸிடன்ட்டாகச் செயல்பட முடிந்ததோ, அதே முனைகள்தான் இப்போது மூடப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பிணைப்பு முடிந்த மூலக்கூறுகளில் ஒரு பகுதியைக் குடல் செல்லே மறுபடியும் குடலின் உட்புறத்துக்குத் தள்ளிவிடுகிறது. மீதி போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைந்து, அங்கே இரண்டாம் சுற்று மாற்றங்களுக்கு உள்ளாகிறது. கல்லீரல் அவற்றில் சிலவற்றைப் பித்தநீரில் கலந்து திரும்பவும் குடலுக்கே அனுப்புகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிட்டால், மூலக்கூறு மறுபடி உறிஞ்சப்பட்டுச் சுழற்சி தொடர்கிறது. குவெர்செட்டினின் விளைபொருள்கள் ரத்தத்தில் நெடுநேரம் நீடிப்பதற்கு இச்சுழற்சி ஒரு காரணம்.

இதன் விளைவாக, உணவு உண்ட மனிதரின் ரத்தத்தில் தூய குவெர்செட்டின் ஏறக்குறைய இல்லவே இல்லை. குவெர்செட்டின் குளுக்குரோனைடுகளும் சல்ஃபேட்டுகளும் மெத்தில் சேர்ந்த வடிவங்களுமே இருக்கின்றன. ஆய்வகக் கிண்ணத்தில் வளரும் செல்களின்மீது தூய குவெர்செட்டினை, ரத்தத்தில் ஒருபோதும் எட்ட முடியாத செறிவில் ஊற்றிப் பெறப்பட்ட முடிவுகளை "வெங்காயம் புற்றுநோயைத் தடுக்கிறது" என்ற செய்தியாக மாற்றும் பழக்கம் இதனால்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்தச் செல்கள் சந்தித்த மூலக்கூறை நம் உடலின் செல்கள் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை.

மஞ்சளின் குர்குமின் இந்தப் படியில் சிக்கிக்கொள்ளும் சேர்மங்களில் முதன்மையானது. அது நீரில் கரையாது, குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சப்பட்டதும் விரைவாகப் பிணைக்கப்பட்டு வெளியேறுகிறது. 1998-இல் வெளியான ஆய்வில் 2 கிராம் குர்குமினுடன், மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் குர்குமினின் அளவு 20 மடங்கு உயர்ந்தது. பைப்பரின், குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதியைத் தடுப்பதே இதற்கு முக்கியக் காரணம். ஆனால் அதே நொதிகளைக் கொண்டுதான் உடல் பல மருந்துகளையும் வெளியேற்றுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

படி 5: பெருங்குடல்

உண்ட பாலிஃபீனால்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமலோ, உறிஞ்சப்பட்டுத் திருப்பித் தள்ளப்பட்டோ பெருங்குடலை வந்தடைகிறது. அங்கே ஒரு கிராம் குடற்பொருளில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மனித நொதிகளால் செய்ய முடியாத வேலைகளை அவை செய்கின்றன: ராம்னோஸ் போன்ற சர்க்கரைகளை அறுக்கின்றன, எஸ்டர் பிணைப்புகளை உடைக்கின்றன, ஹைட்ராக்சில் கூறுகளை ஒவ்வொன்றாக நீக்குகின்றன; எல்லாவற்றுக்கும் மேலாக, ஃப்ளேவனாய்டின் நடு வளையத்தையே பிளந்துவிடுகின்றன. பிளந்த துண்டுகள் சிறிய ஃபீனாலிக் அமிலங்களாக உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் மீண்டும் பிணைக்கப்பட்டு ரத்தத்தில் சுற்றுகின்றன.

தேநீரிலும் கோகோவிலும் உள்ள கேட்டிச்சின் வகைகளை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா முதலில் நடு வளையத்தைத் திறக்கிறது. அதிலிருந்து ஃபினைல் வேலரோலாக்டோன் என்ற சேர்மம் பிறக்கிறது. அதன் பக்கச் சங்கிலி படிப்படியாகக் குறுகி ஃபினைல் வேலரிக் அமிலம், ஃபினைல் புரோப்பியோனிக் அமிலம், பென்சோயிக் அமிலம் என்று மாறுகிறது. இறுதியில் கல்லீரலும் சிறுநீரகமும் பென்சோயிக் அமிலத்துடன் கிளைசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. இந்த ஹிப்யூரிக் அமிலத்தை ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1829-இலேயே குதிரையின் சிறுநீரிலிருந்து இனங்கண்டிருந்தார்; புல் தின்னும் விலங்கின் சிறுநீரில் அது மிகுந்திருப்பதற்கும், தாவர உணவை நிறைய உண்ணும் மனிதரின் சிறுநீரில் அது உயர்வதற்கும் காரணம் ஒன்றுதான்.

பாக்டீரியாக்களின் கூட்டமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், ஒரே உணவு இருவரிடம் வெவ்வேறு பொருள்களாக முடிவதுண்டு. சோயாவின் டைட்சீனை ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் எல்லோரிடமும் இல்லை. மேற்கத்திய நாடுகளில் 25 முதல் 30 சதவீதத்தினரிடமும், ஆசிய நாடுகளில் 50 முதல் 60 சதவீதத்தினரிடமும் மட்டுமே ஈக்வால் உருவாகிறது. மாதுளை, வால்நட், ராஸ்பெர்ரி ஆகியவற்றில் உள்ள எல்லாஜிடானின்கள் முதலில் எல்லாஜிக் அமிலமாகவும் பிறகு யூரோலித்தின்களாகவும் மாறுகின்றன. இதிலும் சிலருக்கு யூரோலித்தின் ஏ மட்டும் உருவாகிறது. சிலருக்கு அதனுடன் யூரோலித்தின் பி-யும் வேறொரு வடிவமும் சேர்ந்து உருவாகின்றன. ஒரு பிரிவினருக்கு இவற்றில் எதுவுமே உருவாவதில்லை. மாதுளைச்சாறு ஒருவருக்குப் பலனளித்ததாகவும் மற்றவருக்கு ஒன்றுமே நிகழாததாகவும் வரும் முரண்பட்ட முடிவுகளுக்குப் பின்னால் இத்தகைய வேறுபாடு ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. ஆய்வுகள் பங்கேற்பாளர்களை இந்த அடிப்படையில் பிரிக்காமல் சராசரி மட்டும் எடுத்தால், ஒரு பிரிவினரின் விளைவு மறு பிரிவினரின் வெறுமையில் கரைந்துவிடும்.

கால அளவும் கவனிக்கத்தக்கது. சிறுகுடலில் உறிஞ்சப்படுபவை ஓரிரு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து இறங்கத் தொடங்க, பெருங்குடல் விளைபொருள்கள் பல மணி நேரம் கழித்தே ரத்தத்தில் தோன்றுகின்றன. யூரோலித்தின்கள் இரண்டு நாள்கள் கழித்தும் சிறுநீரில் காணப்படுகின்றன. உண்ட 4 மணி நேரத்தோடு ரத்த மாதிரி எடுப்பதை நிறுத்திக்கொண்ட பழைய ஆய்வுகள், கதையின் பின்பாதியை முழுவதுமாகத் தவறவிட்டன.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. 8 ஆண்களுக்கு, கார்பன்-13 ஐசோடோப்பால் அடையாளமிடப்பட்ட ஆந்தோசயனின் நிறமியை 500 மில்லிகிராம் கொடுத்து, 48 மணி நேரம் அவர்களுடைய ரத்தம், சிறுநீர், மலம், மூச்சுக்காற்று ஆகிய நான்கையும் சோதித்தார்கள். அடையாளமிட்ட கார்பனில் 5.4 சதவீதம் சிறுநீரிலும் 6.9 சதவீதம் மூச்சிலும் வெளிவந்தது. ஆக, உடலுக்குக் கிடைத்ததாகக் கணக்கிடப்பட்ட அளவு ஏறத்தாழ 12 சதவீதம். மாறாத நிறமியை மட்டும் தேடிய முந்தைய ஆய்வுகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லிவந்தன. ஒரு பெர்ரியின் நீலம், உடைந்து எரிந்து, கரியமில வாயுவாக மூச்சுக்காற்றில் கலந்து போயிருக்கிறது!

"பாலிஃபீனால்கள் 5 சதவீதம்தான் உறிஞ்சப்படுகின்றன", "இல்லை, 80 சதவீதம் உறிஞ்சப்படுகின்றன" என்று முரண்பட்ட எண்களைப் பார்க்கும் வாசகர், எது எண்ணப்பட்டிருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கதிரியக்கக் கார்பன் கொண்டு எபிகேட்டிச்சின் என்ற கேட்டிச்சின் வகையைப் பின்தொடர்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில் 80 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சப்பட்டதாகத் தெரிந்தது. ஆனால் அது 20-க்கும் மேற்பட்ட விளைபொருள்களாகப் பிரிந்து கிடந்தது. மூல மூலக்கூறை எண்ணினால் மிகச் சொற்பம், விளைபொருள்களையும் சேர்த்து எண்ணினால் பெரும்பகுதி.

படி 6: ரத்தத்தில் அவை என்ன செய்கின்றன

பாலிஃபீனால்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டே ஃப்ரீ ரேடிக்கல்களை (செல்களைச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறுகளை) நேரடியாகப் பிடித்து அழிக்கின்றன என்ற விளக்கம் பரவலாக இருந்தாலும், அளவுகளைப் பார்த்தால் அது நிற்கவில்லை. ஒரு லிட்டர் ரத்தப் பிளாஸ்மாவில் யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்ரோமோல் இருக்கிறது. அதுவே ஒரு வலுவான ஆன்டிஆக்ஸிடன்ட். வைட்டமின் சி நல்ல நிலையில் 70 மைக்ரோமோல் அளவில் இருக்கும். தனித்தனிப் பாலிஃபீனால் விளைபொருள்களோ பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலுக்கும் கீழே, அதுவும் முனைகள் மூடப்பட்ட நிலையில் இருக்கின்றன. ஆப்பிள் உண்டபின் ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் உயர்வதைக் கண்ட ஆய்வாளர்கள், அதற்குக் காரணம் ஆப்பிளின் ஃப்ளேவனாய்டுகள் அல்ல, அதிலுள்ள ஃப்ரக்டோஸ் யூரிக் அமிலத்தை உயர்த்தியதே என்று 2004-இல் காட்டினர். சோதனைக் குழாயில் அளக்கப்படும் ஓராக் (ORAC) என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் எண்களைக் கொண்டு உணவுகளைத் தரவரிசைப்படுத்திய தன் தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-இல் இணையத்திலிருந்து நீக்கிவிட்டது. அந்த எண்களுக்கும் உடலில் ஏற்படும் விளைவுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதும், விற்பனையாளர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

அப்படியானால் பலன் எங்கிருந்து வருகிறது? இன்று அதிகம் ஏற்கப்படும் விளக்கம், இவை செல்லின் சொந்தத் தற்காப்பைத் தூண்டும் சமிக்ஞைகளாக வேலை செய்கின்றன என்பது. செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை, கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்து, தொடர்ந்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. சல்ஃபோராபேன் போன்ற வினைத்திறன் மிக்க மூலக்கூறு கீப்1-இன் சிஸ்டீன் பகுதிகளில் ஒட்டிக்கொள்ளும்போது பிடி தளர்கிறது. விடுபட்ட என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று, செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட்டான குளுட்டாதயோன் தயாரிப்புக்கும் நச்சுநீக்கத்துக்கும் தேவையான நொதிகளின் மரபணுக்களை இயக்குகிறது. சேர்மம் சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விட்டாலும், அது தூண்டிவிட்ட நொதிகள் அதைவிட நீண்ட நேரம் வேலை செய்கின்றன. சிறிதளவு எரிச்சல் ஊட்டும் ஒரு பொருளே பாதுகாப்பைத் தூண்டுகிறது என்பதால், அளவை எவ்வளவு கூட்டினாலும் நன்மையும் அவ்வளவு கூடும் என்று கொள்வதற்கு இடமில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு: அழற்சி உள்ள இடங்களில் வெள்ளணுக்கள் வெளியிடும் பீட்டா குளுக்குரோனிடேஸ் நொதி, ரத்தத்தில் வரும் குவெர்செட்டின் குளுக்குரோனைடின் பிணைப்பை அவ்விடத்திலேயே அவிழ்த்துவிடக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

படி 7: வெளியேற்றம்

சிறிய விளைபொருள்கள் சிறுநீரகத்தின் வழியாகவும், பருமனானவை பித்தநீர் வழியாக மலத்திலும் வெளியேறுகின்றன. பெரும்பாலானவை ஓரிரு நாள்களில் முற்றிலும் நீங்கிவிடுவதால், பாலிஃபீனால்களுக்குச் சேமிப்பு என்ற ஒன்று கிடையாது. வாரத்தில் ஒரு நாள் ஏராளமாக உண்பதைவிட நாள்தோறும் சிறிது சிறிதாக உண்பதே பொருத்தமானது என்று சொல்வதன் அடிப்படை இதுதான்.

கொழுப்பில் கரைபவற்றின் தனிப் பாதை

கரோட்டினாய்டுகளும் வைட்டமின் ஈ-யும் கொழுப்பின் துணையின்றி நகர்வதில்லை. உணவிலுள்ள கொழுப்பு பித்தநீரைச் சுரக்கச் செய்கிறது; பித்த உப்புகள் சேர்ந்த நுண்துளிகளில் கரைந்த பின்பே இவை குடல் செல்லை அடைய முடியும். கொழுப்பே இல்லாத கலவையோடு பச்சைக் காய்கறிகளை உண்டவர்களிடம் கரோட்டினாய்டு ஏறக்குறைய உறிஞ்சப்படவே இல்லை என்றும், எண்ணெய் கூடக்கூட உறிஞ்சுதலும் கூடியது என்றும் 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

குடல் செல்லுக்குள் பீட்டா கரோட்டினை ஒரு நொதி நடுவில் வெட்டி வைட்டமின் ஏ-க்கு மூலமான ரெட்டினாலைத் தருகிறது. உடலில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால் இந்த நொதியின் உற்பத்தி தானாகவே குறைக்கப்படுகிறது. கேரட்டை எவ்வளவு உண்டாலும் வைட்டமின் ஏ நச்சுநிலை ஏற்படாமல் இருப்பது இந்தக் கட்டுப்பாட்டினால்தான். வெட்டப்படாத பீட்டா கரோட்டின் தோலில் படிந்து உள்ளங்கை மஞ்சளாவது மட்டுமே நடக்கும். அப்போது கண்ணின் வெண்பகுதி மஞ்சளாவதில்லை என்பதே மஞ்சள்காமாலையிலிருந்து இதைப் பிரித்தறியும் அடையாளம். மாற்றத்தின் திறனும் குறைவுதான்: ஒரு மைக்ரோகிராம் ரெட்டினோலுக்கு (வைட்டமின் ஏ) ஈடாக உணவிலிருந்து 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் தேவை என்பது ஊட்டச்சத்துக் கணக்கீட்டில் பயன்படும் அளவு. வெட்டப்படாதவை கொழுப்பைச் சுமக்கும் கைலோமைக்ரான் துகள்களில் ஏறி, நிணநீர் வழியாக ரத்தத்தை அடைந்து, கல்லீரலிலிருந்து எல்டிஎல் போன்ற கொழுப்புத் துகள்களில் பயணம் செய்கின்றன. லூட்டின், சீயாசாந்தின் என்ற கரோட்டினாய்டுகள் விழித்திரையின் மையத்தில் குவிகின்றன.

வைட்டமின் ஈ எட்டு வடிவங்களில் உணவில் கிடைக்கிறது. எட்டும் உறிஞ்சப்பட்டாலும், கல்லீரலில் உள்ள ஒரு கடத்துப் புரதம் ஆல்ஃபா டோகோஃபெராலை மட்டும் பொறுக்கியெடுத்து ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மற்ற வடிவங்கள் சிதைக்கப்பட்டுச் சிறுநீரில் போகின்றன. இந்தப் புரதத்தின் மரபணு பழுதடைந்து பிறந்தவர்களுக்கு, உணவில் வைட்டமின் ஈ போதுமான அளவு இருந்தாலும் நரம்புச் சிதைவும் நடைத் தள்ளாட்டமும் ஏற்படுகின்றன.

வைட்டமின் சி: எல்லை வகுத்துக்கொண்ட உடல்

மனிதர்களால் வைட்டமின் சி-யைத் தாமே தயாரிக்க முடியாது. அதற்கான கடைசி நொதியின் மரபணு நம்மிடம் செயலிழந்துவிட்டது. ஆகவே குடலும் சிறுநீரகமும் தனிக் கடத்திகளைக் கொண்டு அதைப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் அந்தக் கடத்திகளுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 7 ஆரோக்கியமான ஆண்களைக் கொண்டு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரை முழுமையாக உறிஞ்சப்பட்டது. 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்தபோது உறிஞ்சும் விகிதம் சரிந்ததோடு, உறிஞ்சப்பட்டதும் சிறுநீரில் வெளியேறியது. நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் என்ற அளவில் ஆக்சலேட் வெளியேற்றம் உயர்ந்தது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வேலை செய்து ஆக்சிஜனேற்றம் அடைந்த வைட்டமின் சி வீணாவதில்லை. குளுட்டாதயோன் உதவியுடன் செல்கள் அதை மீட்டெடுக்கின்றன. வைட்டமின் சி தன் பங்குக்கு வைட்டமின் ஈ-யை மீட்டெடுக்கிறது.

சாப்பாட்டுத் தட்டில் இதை எப்படிப் பயன்படுத்துவது

வண்ணக் காய்கறிகளோடு ஏதாவது ஒரு கொழுப்பைச் சேருங்கள்; தனியே எண்ணெய் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, கொட்டைகளோ முட்டையோ இருந்தாலும் போதும். தக்காளி, கேரட் ஆகியவற்றைச் சமைத்தும், வைட்டமின் சி நிறைந்த பழங்களைப் பச்சையாகவும் உண்ணுங்கள். ஒரே பழத்தை அள்ளி உண்பதைவிடப் பல வகைத் தாவரங்களை மாற்றி மாற்றி உண்பது, பெருங்குடலின் வெவ்வேறு பாக்டீரியாக்களுக்கும் வேலை கொடுக்கும். நார்ச்சத்து இல்லாமல் சாற்றை மட்டும் குடிப்பவர், பிணைந்த பாலிஃபீனால்களில் பெரும்பகுதியைச் சக்கையோடு எறிந்துவிடுகிறார். தேநீரின் பாலிஃபீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொள்வதால், ரத்தசோகை உள்ளவர்கள் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். ஆண்டிபயாட்டிக் எடுத்துக்கொள்ளும் காலத்தில் பெருங்குடல் வழி விளைபொருள்கள் குறையும். அதற்காகத் தனியே எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மாத்திரைகளாக எடுத்துக்கொள்வோர் அறிய வேண்டியவை

உணவில் இருக்கும் அளவும் மாத்திரையில் இருக்கும் அளவும் ஒன்றல்ல என்பதால், மேலே விவரித்த கட்டுப்பாடுகள் மாத்திரைகளின்முன் திணறக்கூடும். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது 1994-இல் தெரியவந்தது. பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு, 28 சதவீத உயர்வைக் கண்டு 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. புகைபிடிப்பவர்களும் அஸ்பெஸ்டாஸ் தூசுக்கு ஆட்பட்டவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. இந்த எச்சரிக்கை கேரட்டுக்குப் பொருந்தாது.

பசுந்தேயிலைச் சாறு அடங்கிய மாத்திரைகளிலும் கவனம் தேவை. கேட்டிச்சின் வகைகளில் முதன்மையான எபிகேலோகேட்டிச்சின் கேலேட்டை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரைகளாக எடுத்துக்கொள்ளும்போது கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது; வெறும் வயிற்றில் விழுங்கினால் அது இன்னும் அதிக அளவில் ரத்தத்தை அடைகிறது. உறிஞ்சுதலைக் கூட்டுவதற்காகப் பைப்பரின் சேர்த்துச் செய்யப்பட்ட மஞ்சள் மாத்திரைகளாலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. இவற்றை எடுத்துக்கொள்பவர்கள் தம் மருத்துவரிடம், மற்ற மருந்துகளோடு இவற்றின் பெயரையும் அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறுநீர் அடர்நிறமாவது, கண் மஞ்சளாவது, காரணமில்லாத சோர்வோடு வலப்பக்க மேல்வயிற்றில் வலி வருவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.